ஆளுநர் இல்லாத பத்து நாள்: வர்ஜீனியா, 1781 ஜூன்

எந்த நிகழ்வு

1781 ஜூன் 2, சனிக்கிழமை. வர்ஜீனியா மாநில ஆளுநர் தாமஸ் ஜெபர்சனின் ஓராண்டுப் பதவிக்காலம் அன்றோடு முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சட்டமன்றம் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் கூடித்தான் இருந்தது. ஆனாலும் அன்று தேர்தல் நடக்கவில்லை. திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். திங்கள் காலை பிரிட்டிஷ் குதிரைப்படை அந்த ஊருக்குள் புகுந்தது. உறுப்பினர்கள் மலை தாண்டி ஓடி, வேறோர் ஊரில் கூடி, ஜூன் 12-ஆம் தேதிதான் புதிய ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு மாநிலத்துக்கு, எதிரி அதன் எல்லைக்குள்ளேயே வந்துவிட்டிருந்த நேரத்தில், பத்து நாள் தலைவர் இல்லை. இது எப்படி நடந்தது, அந்தப் பத்து நாளில் யார் என்ன முடிவெடுத்தார்கள், பிறகு என்ன ஆனது என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வு. இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஜெபர்சன் குதிரையேறி ஓடினாரா இல்லையா என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியைவிட, பதவி ஏன் காலியானது என்ற கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு விளக்கம் தேவை. இங்கே ஆளுநர் என்றால் மத்திய அரசு நியமிக்கும் ஆளுநர் அல்ல. மாநில நிர்வாகத்தின் தலைவரே அவர்தான். குடிமக்கள் படையை அழைப்பதும், ஆயுதமும் தானியமும் திரட்டுவதும், அதிகாரிகளுக்கு ஆணை அனுப்புவதும் அவர் பொறுப்பு.

பின்னணி: கையைக் கட்டி உருவாக்கிய பதவி

வர்ஜீனியாவின் முதல் அரசியல் சட்டம் 1776 ஜூன் 29 அன்று வில்லியம்ஸ்பர்க்கில் நிறைவேறியது. அதை எழுதியவர்கள் பிரிட்டிஷ் மன்னர் அனுப்பிய ஆளுநர்களிடம் பட்டவர்கள். கடைசி அரச ஆளுநரான டன்மோர் பிரபு, 1774-இல் அவையையே கலைத்தவர். அடுத்த ஆண்டு ஊரைவிட்டுக் கப்பலேறியவர். அந்த நினைவு ஆறவில்லை. அதனால் புதிய ஆளுநருக்கு அவையைக் கலைக்கும் அதிகாரமோ ஒத்திவைக்கும் அதிகாரமோ கிடையாது என்று எழுதினார்கள். சட்டங்களைத் தடுக்கும் அதிகாரமும் தரவில்லை. எதைச் செய்தாலும் எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பதவிக்காலம் ஓராண்டு. தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. இறங்கியபின் நான்கு ஆண்டு கழித்துத்தான் மறுபடி வர முடியும்.

தேர்ந்தெடுப்பது மக்கள் அல்ல, சட்டமன்றம். பிரதிநிதிகள் அவையும் செனட்டும் தனித்தனியாக வாக்குச்சீட்டு போடும். இரண்டு பெட்டிகளும் கலந்தாய்வு அறைக்கு வரும். இரு அவையிலிருந்தும் அமைந்த குழு ஒன்று சேர்ந்து எண்ணி, எண்ணிக்கையை அந்தந்த அவைக்குச் சொல்லும். நியூ ஜெர்சி, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா என அன்றைக்குப் பல மாநிலங்களில் ஆளுநரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்றவற்றில் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த முறை வெறும் சடங்கு அல்ல, உண்மையான போட்டிக்கு இடம் கொடுத்த முறை. 1776-இல் பேட்ரிக் ஹென்றி 60 வாக்கு வாங்கி முதல் ஆளுநரானார். எதிர்த்து நின்ற மூத்த தாமஸ் நெல்சனுக்கு 45. ஹென்றி மூன்று ஆண்டும் முடித்து இறங்கியபின், 1779 ஜூன் 1 அன்று மும்முனைப் போட்டி. முதல் சுற்றில் தாமஸ் ஜெபர்சனுக்கு 55, ஜான் பேஜுக்கு 38, தளபதி தாமஸ் நெல்சனுக்கு 32. யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இரண்டாம் சுற்றில் ஜெபர்சன் 67, பேஜ் 61. ஆறு வாக்கு வித்தியாசம். அன்று மூன்றாவதாக வந்த நெல்சன், 1776-இல் தோற்ற மூத்த நெல்சனின் அண்ணன் மகன். இந்த ஆய்வில் அவர் மறுபடி வருவார்.

சரி, ஓட்டை எங்கே இருந்தது? ஆளுநர் இறந்தாலோ, இயலாமல் போனாலோ, மாநிலத்தில் இல்லாமல் போனாலோ ஆலோசனைக் குழுவின் தலைவர் பொறுப்பு வகிப்பார் என்று சட்டம் சொன்னது. பதவிக்காலம் முடிந்து, அடுத்தவர் இன்னும் தேர்வாகவில்லை என்றால் என்ன செய்வது என்று அது ஒரு வரியும் சொல்லவில்லை. "அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை தொடர்வார்" என்ற சாதாரண வாசகம் அதில் இல்லை. போதாததற்கு, ஆலோசனைக் குழு இயங்க நான்கு பேராவது இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதம் சட்டமன்றம் அமைதியாகக் கூடும், தேர்ந்தெடுக்கும் என்று நம்பி எழுதிய சட்டம் அது. ஐந்து ஆண்டு அப்படியே நடக்கவும் செய்தது.

1781 ஜனவரி முதல் மே வரை

1780-இல் தலைநகரம் வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து ரிச்மண்டுக்கு மாறியிருந்தது. 1781 ஜனவரி 5 அன்று, அமெரிக்கப் படையிலிருந்து பிரிட்டிஷ் பக்கம் போன பெனடிக்ட் அர்னால்ட் அந்த ரிச்மண்டுக்குள் நுழைந்து பொருட்களை எரித்தார். கப்பல்கள் தென்பட்ட செய்தி ஜெபர்சனுக்கு டிசம்பர் 31-ஆம் தேதியே வந்துவிட்டது. ஆனால் அவை யாருடைய கப்பல்கள் என்று உறுதியாகும்வரை குடிமக்கள் படையை முழுமையாக அழைக்க அவர் தயங்கினார். இரண்டு நாள் போனது. பின்னால் வந்த குற்றச்சாட்டுகளின் வேர் இந்த இரண்டு நாளில்தான் இருக்கிறது.

மே மாதம் நிலைமை மோசமானது. மே 20 அன்று காரன்வாலிஸ் பிரபு பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்ட அதே காரன்வாலிஸ்தான். அவருக்கு எதிரே நின்ற, அமெரிக்கத் தரப்புத் தளபதி லஃபாயெட்டின் படை எண்ணிக்கையில் மிகச் சிறியது. ரிச்மண்டில் இனிக் கூட முடியாது என்று மே 10 அன்றே சட்டமன்றம் தீர்மானித்து, மேற்கே உள்ள சார்லட்ஸ்வில்லுக்கு மாற்றிக்கொண்டது. மே 24 கூட வேண்டிய அவை, போதிய உறுப்பினர்கள் வந்து சேர்ந்து வேலை தொடங்கியது மே 28 அன்று.

இங்கே கவனிக்க வேண்டியது: ஆளுநர் பதவி முடிய ஐந்தே நாள் இருந்தது. நாட்காட்டியைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முதல் முடிவு: ஜெபர்சன் விலகியது

அவர் இரண்டு ஆண்டுதான் இருந்திருந்தார். இன்னும் ஓராண்டு இருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனாலும் தொடர விரும்பவில்லை. மே 28 அன்று அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், படையோடு நேரில் வர்ஜீனியாவுக்கு வரும்படி வேண்டிக்கொண்டு, தன்னைவிடத் திறமையானவர்களிடம் பதவியை ஒப்படைக்க நெடுநாளாகவே தீர்மானித்து அறிவித்திருப்பதையும் குறிப்பிட்டார்.

காரணத்தை வயதான காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். படையெடுப்பின் நெருக்கடியில் மக்கள் ஒரு படைத்தலைவரைத்தான் அதிகம் நம்புவார்கள். படை அதிகாரமும் நிர்வாக அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் இரண்டும் விரைவாக இயங்கும். அதனால் இரண்டாம் ஆண்டு முடிவில் விலகினேன், நெல்சன் வந்தார் என்கிறார். காரணம் நியாயமானது. நான் அதைச் சாக்கு என்று நினைக்கவில்லை. ஆனால் விலகப் போகிறவர் விலகும் நாளில் மாற்று ஆள் நிற்க வேண்டும் என்பதை உறுதிசெய்யும் வழி அவரிடம் இல்லை. அது முழுக்க அவையின் கையில் இருந்தது.

இரண்டாம் முடிவு: திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தது

ஜூன் 2, சனிக்கிழமை. அவை கூடியிருக்கிறது, பெட்டி வைக்கலாம், எண்ணலாம். 1779-இல் இரண்டு சுற்றும் ஒரே நாளில் முடிந்த வேலைதான். ஆனால் தேர்தல் திங்கட்கிழமைக்கு, அதாவது ஜூன் 4-க்குப் போனது.

இந்த ஒரு முடிவைத்தான் நான் இந்த நிகழ்வின் மையத் தவறாகக் கருதுகிறேன். அதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எதிரி இங்கே வர நாளாகும் என்ற நினைப்பு எல்லோரிடமும் இருந்தது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்பது எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய பேச்சுதான். ஆனால் ஒரு தேதியோடு பதவியே செத்துப்போகும் என்று எழுதிய சட்டத்தின் கீழ் இருப்பவர்கள், அந்தத் தேதியைத் தாண்டிப் போகும்போது தாங்கள் எதன்மேல் கால் வைக்கிறோம் என்று பார்த்திருக்க வேண்டும். அன்று மாலை முதல் வர்ஜீனியாவின் ஆளுநர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஜூன் 3 இரவும் ஜூன் 4 காலையும்

காரன்வாலிஸ், பானஸ்டர் டார்லிடன் தலைமையில் சுமார் 250 பேரை அனுப்பினார். பெரும்பாலும் குதிரைப்படை; கொஞ்சம் குதிரையேறிய காலாட்படை. நோக்கம் தெளிவானது: சட்டமன்றத்தையும் ஆளுநரையும் பிடிப்பது.

லூயிசா கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) ஒரு விடுதி அருகே அவர்கள் போவதை ஜாக் ஜூவெட் என்ற 26 வயது இளைஞர் பார்த்துவிட்டார். பெருஞ்சாலையை விட்டு விலகி, காட்டுப் பாதையில் இரவு முழுவதும் சுமார் 40 மைல் குதிரையோட்டி, விடியும் முன் மான்டிசெல்லோ மலைமேல் இருந்த ஜெபர்சன் வீட்டை அடைந்தார். இரு அவைத் தலைவர்களும் வேறு சில உறுப்பினர்களும் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். அங்கே சொல்லிவிட்டு, அப்புறம் கீழே ஊருக்குள் போய் மற்றவர்களையும் எழுப்பினார். அந்த ஒருவரின் இரவுப் பயணம் இல்லையென்றால் இந்த ஆய்வை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஜெபர்சன் முதலில் குடும்பத்தை அனுப்பினார். தான் சற்று நேரம் தங்கிக் காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். எதிரிகள் மலையேறும் நேரத்தில் குதிரையில் வெளியேறினார். ஊருக்குள் ஏழு உறுப்பினர்கள் பிடிபட்டார்கள். ஆலோசனைக் குழு உறுப்பினரும் துணை ஆளுநருமான டட்லி டிக்ஸும் பிடிபட்டார். உறுப்பினர்கள் பிடிபட்டதைவிட இதுதான் நிர்வாகத்துக்கு விழுந்த பெரிய அடி. ஆளுநர் இல்லாதபோது பொறுப்பு வகிக்க வேண்டியவர் எதிரி கையில்.

மூன்றாம் முடிவு: இடமாற்றமும் நாற்பது பேரும்

அன்று காலை ஓடுவதற்கு முன், அவை அவசரமாகக் கூடி இரண்டு தீர்மானம் போட்டது. ஒன்று, புளூ ரிட்ஜ் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள ஸ்டான்டன் ஊரில் ஜூன் 7 அன்று மறுபடி கூடுவது. இரண்டு, பிரதிநிதிகள் அவையில் 40 பேர் இருந்தாலே அவை நடத்தலாம் என்பது.

முதலாவது சரியான முடிவு. கூட வேண்டிய இடமும் நாளும் சொல்லிவிட்டுக் கலைந்ததால்தான் அவை தொடர்ந்து உயிரோடு இருந்தது. சொல்லாமல் சிதறியிருந்தால் ஆளுநரோடு சட்டமன்றமும் காணாமல் போயிருக்கும்.

இரண்டாவது முடிவு சிக்கலானது. பிரதிநிதிகள் அவையில் அன்று 149 இடம், செனட்டில் 24. அந்த 149-இல் 40 என்றால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜெபர்சனே பின்னர் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆபத்து வந்தது என்பதற்காக, அவை அல்லாத ஒன்றை அவை என்று அழைக்க முடியாது. நாற்பதாகக் குறைக்க முடியுமென்றால் நான்காகவும் ஒன்றாகவும் குறைக்க முடியும் என்பது அவர் வாதம். கொள்கை அளவில் அவர் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் அந்த 40 பேர் விதி இல்லாவிட்டால் ஜூன் 12 தேர்தலே நடந்திருக்காது என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பிடிபட்டவர்கள், குடும்பத்தைக் காப்பாற்றப் போனவர்கள், வழி அடைபட்டவர்கள் எல்லோரையும் காத்திருந்து சேர்த்திருந்தால் இன்னும் எத்தனை நாள் போயிருக்கும்? தவறு எண்ணிக்கையைக் குறைத்ததில் இல்லை. குதிரைக் குளம்பொலி கேட்கும் நேரத்தில் அதை முடிவு செய்ய வேண்டிய நிலைக்கு வந்ததில்தான் இருக்கிறது.

நான்காம் முடிவு: வில்லியம் பிளெமிங் ஆணையிட்டது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மதிப்பு ஏற்படுத்திய மனிதர் இவர். ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர். 1774-இல் பாயிண்ட் பிளெசன்ட் சண்டையில் பலத்த காயம்பட்டவர். ஆலோசனைக் குழு உறுப்பினர்.

ஜூன் 4-க்குப் பிறகு ஸ்டான்டனில் நிலைமை இப்படி இருந்தது: ஜெபர்சன் தன் பதவி ஜூன் 2-இல் முடிந்துவிட்டது என்று கருதி, குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். துணை ஆளுநர் கைதி. குழு இயங்க நான்கு பேர் வேண்டும்; செயல்படும் நிலையில் இருந்தவர் பிளெமிங் ஒருவர். சட்டப்படி அவரிடம் தனியாக எந்த அதிகாரமும் இல்லை.

அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. அதிகாரம் இல்லை என்று சும்மா இருப்பது. இல்லையென்றால் வேண்டியதைச் செய்துவிட்டுப் பின்னால் பதில் சொல்வது. குடிமக்கள் படையை அழைத்து ஆணை அனுப்பினார். நிர்வாகத்துக்கு அவசியமான மற்றதையும் செய்தார். தன்னை ஆளுநர் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. அவை ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் விலகிக்கொண்டார்.

அவையும் அதை மூடி மறைக்கவில்லை. ஜூன் 23 அன்று ஒரு தீர்மானம் போட்டது: தலைமை நிர்வாகி நியமிக்கப்படும் முன் சில காலம் பிளெமிங் ஒருவரே செயல்படும் குழு உறுப்பினராக இருந்தார், படையை அழைக்க ஆணையிட்டார், நல்ல நிர்வாகத்துக்கு அவசியமான பிற நடவடிக்கைகளும் எடுத்தார், அவருக்கு ஆதரவும் சட்டப் பாதுகாப்பும் தருவதே நியாயம், அவர் செய்ததை அவை ஏற்கிறது. அதிகாரம் இல்லாமல் செய்தார் என்பதை ஒப்புக்கொண்டு, அது தேவையாக இருந்தது என்பதையும் பதிவு செய்து, பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்ட தீர்மானம் அது. பிளெமிங்குக்கு அதிகாரம் முன்பே இருந்ததுபோல் ஒரு கதை கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஜெபர்சன் இந்த இடத்தில் ஸ்டான்டனுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எதிரியிடமிருந்து தப்பியதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. பிடிபட்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? பதவிக்காலம் முடிந்தது என்று அவர் சொன்னதும் சட்டப்படி சரி. ஆனால் கையில் இருந்த தகவல்கள், கடிதங்கள், பாதியில் நின்ற வேலைகள் எல்லாவற்றையும் நேரில் ஒப்படைத்திருந்தால் பிளெமிங்கின் சுமை குறைந்திருக்கும். அவர்மேல் பின்னால் விழுந்த பழியும் இந்த அளவுக்கு ஒட்டியிருக்காது.

ஐந்தாம் முடிவு: ஜூன் 12

ஸ்டான்டனில் அவை ஒரு தேவாலயத்தில் கூடியது. ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, கூட்டு வாக்கெடுப்பில் தளபதி தாமஸ் நெல்சனைத் தேர்ந்தெடுத்தது. யார்க்டவுன்காரர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், மாநிலக் குடிமக்கள் படையின் தலைவர். இரண்டு ஆண்டுக்கு முன் 32 வாக்கோடு மூன்றாவதாக வந்தவரை இப்போது காலம் முன்னால் கொண்டு வந்தது. படைத்தலைவரிடமே நிர்வாகத்தையும் கொடுப்பது என்ற ஜெபர்சனின் எண்ணமும் இதில் நிறைவேறியது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஜார்ஜ் நிக்கலஸ் என்ற இளம் உறுப்பினரின் முயற்சியில், கடந்த 12 மாத நிர்வாகத்தின் நடத்தையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் விசாரிக்க வேண்டும் என்று தீர்மானமானது. பேட்ரிக் ஹென்றி அதை ஆதரித்தார்.

மூன்றாவது பேச்சு ஒன்றும் அந்த நாட்களில் எழுந்தது. ஆளுநர் போதாது, எல்லா அதிகாரமும் கொண்ட ஒரு சர்வாதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது அது. ஒரு சில வாக்கு குறைந்ததால்தான் அது நிறைவேறாமல் போனது என்று ஜெபர்சன் பிறகு எழுதினார். அவருக்கு அது ஆறாத அதிர்ச்சி. சட்டம், நிர்வாகம், நீதி எல்லாம் ஒரே அவையில் போய்ச் சேருவதும் கொடுங்கோன்மைதான், 173 கொடுங்கோலர்கள் ஒருவரைப் போலவே நசுக்குவார்கள் என்று அவர் எழுதியது இந்த அனுபவத்தை வைத்துத்தான். அந்த 173 என்பது 149-ம் 24-ம் சேர்ந்த கணக்கு.

எனக்கு இங்கே ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆளுநரை ஐந்து ஆண்டு பலவீனமாக வைத்திருந்த அதே அவை, பயம் வந்ததும் அவரை எல்லை இல்லாதவராக ஆக்கும் பேச்சுக்கு இறங்கியது. நடுவில் ஒரு நிலை இருக்கலாம், அளவான அதிகாரத்தை அமைதியான நாளிலேயே எழுதி வைக்கலாம் என்ற யோசனை யாருக்கும் அன்று வரவில்லை.

அதன்பின்: அதிகாரமும் அதற்கான விலையும்

சர்வாதிகாரி வரவில்லை. ஆனால் நெல்சனுக்கு அதுவரை எந்த ஆளுநருக்கும் தராத அதிகாரங்களைத் தனிச் சட்டமாகத் தந்தார்கள். குழுவின் ஆலோசனையோடு குடிமக்கள் படையை வேண்டிய அளவு அழைக்கலாம், எங்கும் அனுப்பலாம், தானியமும் பிற பொருட்களும் கட்டாயமாக எடுக்கலாம். அமெரிக்கப் படையோ எதிரி முகாமோ இருக்கும் இடத்திலிருந்து 20 மைல் தூரத்துக்குள் ராணுவச் சட்டம் என்றும் வந்தது.

நெல்சன் பெரும்பாலும் களத்திலேயே இருந்தார். யார்க்டவுன் முற்றுகையில் சுமார் 3,000 குடிமக்கள் படையினருக்குத் தலைமை தாங்கினார். வாஷிங்டனின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் உணவு சேர்க்க வேண்டும். குழுவைக் கூட்டிக் கேட்க நேரமில்லை. கேட்காமலே ஆணை போட்டார். அக்டோபர் 19 அன்று காரன்வாலிஸ் சரணடைந்தார். நவம்பரில், உடல்நலம் கெட்டு, நெல்சன் பதவி விலகினார். பொருட்களை இழந்தவர்களின் புகார்கள் பின்னாலேயே வந்தன.

மறுபடியும் அவை ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. குழுவின் ஆலோசனை இல்லாமல் நெல்சன் செய்தவற்றில் பொது நன்மைக்கானதும் அவசியத்தால் நேர்ந்ததும் ஆனவை, ஆலோசனையோடு செய்தவைபோலவே செல்லும் என்றது அது. ஆறு மாதத்தில் இரண்டாவது முறை. பிளெமிங்கிடம் சட்டம் தந்த அதிகாரமே இல்லை. நெல்சனிடம் நிறைய இருந்தது. இருவருமே சட்டத்துக்கு வெளியே போய்த்தான் மாநிலத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

நெல்சன் விலகியதும் சில நாள் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பு வகித்தார். நவம்பர் 30 அன்று பெஞ்சமின் ஹாரிசன் தேர்வானார். ஒரே ஆண்டில் ஐந்து பேர் கையில் வர்ஜீனியாவின் நிர்வாகம் இருந்திருக்கிறது.

விசாரணை

ஜூலை 28 அன்று ஜெபர்சன் நிக்கலஸுக்கு எழுதி, குற்றச்சாட்டு என்னவென்று கேட்டார். மூன்றாம் நாளே பதில் வந்தது. பெரும்பாலும் ஜனவரி மாத அர்னால்ட் படையெடுப்பு பற்றியவை: காவல் வைக்கவில்லை, படையை அழைக்கத் தாமதம் என்பது போல. பதில் சொல்வதற்காகவே ஜெபர்சன் தன் கவுண்டியிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வாகி வந்தார். டிசம்பர் 12 அன்று அவையில் எழுந்து, குற்றச்சாட்டுகளைத் தானே படித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எதிர்த்துப் பேச யாரும் எழவில்லை. வதந்திகளைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று அவையின் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. அவரது திறமைக்கும் நேர்மைக்கும் நன்றி சொல்லும் தீர்மானம் இரு அவையிலும் நிறைவேறி டிசம்பர் 19 அன்று முடிந்தது.

அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் ஜேம்ஸ் மன்றோவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் காயத்தைக் கல்லறைதான் ஆற்றும் என்றார். 1796-லும் 1800-லும் அவர் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, மான்டிசெல்லோவிலிருந்து ஓடியவர் என்ற பேச்சை எதிர்த்தரப்பு மறுபடி மறுபடி எடுத்தது. சனிக்கிழமை தேர்தல் நடந்திருந்தால் திங்கட்கிழமை அவர் வெறும் குடிமகன் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

எது மாற வேண்டியிருந்தது, எது மாறியது

என் பார்வையில் மூன்று திருத்தம் போதும். அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை இருப்பவர் தொடர்வார் என்ற வாசகம். குழு சிதறினால் யார், எந்த வரிசையில் பொறுப்பேற்பது என்ற பட்டியல். படையெடுப்புக் காலத்தில் அவைக்கு எத்தனை பேர் போதும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. தேர்ந்தெடுப்பது சட்டமன்றமா மக்களா என்பது வேறு விவாதம். மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை இருந்திருந்தாலும், இந்த மூன்றும் இல்லையென்றால் அந்த ஜூன் மாதம் பதவி காலியாகத்தான் கிடந்திருக்கும்.

ஜெபர்சன் 1783-இல் ஒரு புதிய அரசியல் சட்ட வரைவு எழுதினார். அதிலும் ஆளுநரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். ஆனால் பதவிக்காலம் ஐந்து ஆண்டு, மறுமுறை கிடையாது. அந்த வரைவு ஏற்கப்படவில்லை. 1787-இல், அமெரிக்க நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில், சட்டமன்றத்தால் தேர்வான வர்ஜீனியா ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த திட்டத்திலும் நாட்டின் தலைமை நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கும் வேலை தேசியச் சட்டமன்றத்துக்கே தரப்பட்டிருந்தது. பல வாரம் வாதாடி, மாநாடு அதைக் கைவிட்டுத் தேர்வாளர் குழு முறைக்குப் போனது.

வர்ஜீனியாவில் 1776 சட்டம் அரை நூற்றாண்டு தாண்டியும் இருந்தது. 1830-இல் வந்த புதிய சட்டம் ஆளுநரின் காலத்தை மூன்று ஆண்டாக்கி, ஆலோசனைக் குழுவை மூன்று பேராகச் சுருக்கியது. தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் சட்டமன்றத்திடமே இருந்தது. 1851 சட்டம்தான் குழுவை ஒழித்து, தேர்தலை வாக்காளர்களிடம் கொடுத்தது. அப்படி முதலில் தேர்வான ஜோசப் ஜான்சன் 1852 ஜனவரியில் பொறுப்பேற்றார்.